பத்திநாதன் கத்தவில்லை

மன்னார்
11.02.2024

மாதாவே துணை.

அன்புத் தம்பி றொசாந்தனுக்கு, அக்கா மாக்கிறட் எழுதுவது. நானும் மகள் ஜெனிஸ்ராவும் சுகமாக இருக்கிறோம். உன் நெஞ்சுச்சளி மாறியதா? சென்னையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது தேத்தண்ணீரில்தான் சீவியமா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வழக்குக் கதை ஒன்றும் போனில் வேண்டாம் என்று எங்கள் சட்டத்தரணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலியே பயிரை மேய்கிற இடத்தில் யாருடைய காது எங்கே இருக்கும் என்று யார் கண்டது? ஆனாலும் இதை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

உன் அத்தான் பத்திநாதனைக் கொன்றதைக் கண்ட ஒருவர் இருக்கிறார். கோயிலுக்கு பல்ப் கட்டுகிற லைற் அமிர்தநாயகம் அண்ணன்தான்.

கரையில் ஒதுங்கிய கஞ்சாப் பொதிகளைக் கண்டு அத்தான் பொலிஸுக்குப் போய்ச் சொன்னது உனக்குத் தெரியும். பொதிக்குச் சொந்தக்காரனான அறக்குளாவும் பொலிஸ் பொறுப்பதிகாரியும் ஒரே கோப்பையில் சாப்பிடுகிறவர்கள் என்று அந்த மனுசனுக்குத் தெரியவில்லை. விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் உடலைத் தந்தார்கள். தப்பி ஓடிக் கடலில் மூழ்கினாராம். பத்து வயதில் கடலுக்கு இறங்கியவர் இடுப்பளவு தண்ணீரில் மூழ்கினாராம்!

அது எங்கள் கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம். அமிர்தநாயகம் அண்ணன் கோபுர உச்சியில் பல்ப் மாலை கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கோயிலுக்குப் பின்னால் கரையில் ஜீப் வந்து நின்றதும், அத்தானை இறக்கியதும், அறக்குளாவின் படகிலிருந்து துடுப்பை எடுத்துப் பொறுப்பதிகாரி பிடரியில் அடித்ததும் எல்லாம் அங்கிருந்து தெரிந்திருக்கிறது. "ஒரு சத்தமும் வரேல்லை தங்கச்சி. அப்பிடியே மடிஞ்சு விழுந்தவர்" என்று எங்கள் முற்றத்தில் நின்று அழுதார். அதன் பிறகு அவர் கோபுரம் ஏறவே இல்லை. முழங்கால் நோ என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோட்டில் வந்து சொல்லுவன் என்கிறார். ஒரு சாட்சியும் இல்லாமல் கிடந்த வழக்குக்கு இனி ஒரு சாட்சி இருக்கிறது. அவர் கூண்டில் ஏறும் வரை இது வெளியே போகக் கூடாது. போனால் அவரையும் கடலில் இருந்துதான் எடுப்போம்.

உன் அக்கா
மாக்கிறட்

சென்னை
03.03.2024

அன்பான அக்காவுக்கு, உங்கள் தம்பி றொசாந்தன். சளி மாறிவிட்டது. ஜெனிஸ்ரா உயர்தரத்துக்கு ஒழுங்காகப் படிக்கிறாள் என்று நம்புகிறேன்.

கடிதத்தை மூன்று நாட்களாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். வாசித்துவிட்டு பஸ்ஸில் அழுதேன், அக்கா. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

எனக்கும் ஒரு செய்தி உண்டு. உதவியாளனாக நாய்ப்பாடு பட்டவனை ஒருவழியாக எழுத்தாளர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். எட்டுப் பாகத் தொடர். பெயர் "ஆறாம் திட்டு". உண்மையில் வாழ்ந்த ஒரு கடத்தல்காரனையும் அவனிடம் கை நீட்டிய பொலிஸ்காரர்களையும் பற்றியது. ராமேஸ்வரம் பக்கத்துக் கதை. அகதி முகாமில் வளர்ந்தவன் பெயர் திரையில் வரப் போகிறது!

ஒன்று கேட்க வேண்டும். கோபுரத்தில் இருந்து பார்த்தால் கரை எவ்வளவு தூரத்தில் தெரியும்? ஜீப் கடலைப் பார்த்து நின்றதா, கோயிலைப் பார்த்தா? அத்தான் கையைக் கட்டியிருந்தார்களா? கடைசியில் அவர் ஏதாவது சொன்னாரா? எனக்குக் கண்ணை மூடினால் அந்த இடம்தான் வருகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

உங்களை மறக்காத தம்பி
றொசாந்தன்

மன்னார்
28.03.2024

அன்புத் தம்பிக்கு, தவக்காலத்து வணக்கம். நாங்கள் சுகம். காற்று மாறி வெயில் தலையைப் பிளக்கிறது.

பெயர் திரையில் வரப் போவது பெருமைதான். அம்மா இருந்திருந்தால் ஊருக்கெல்லாம் பலகாரம் கொடுத்திருப்பா.

ஆனால் நீ என்னடா, விசாரணைக்கு வந்தவன் மாதிரிக் கேட்கிறாய்? சரி, கேட்டாய், சொல்கிறேன். கோபுரத்தில் நின்று கல் எறிந்தால் கரையில் விழும். ஜீப் கடலைப் பார்த்து நின்றதாம். கை கட்டவில்லை. கடைசியாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "இல்லைத் தங்கச்சி, வாயே திறக்கேல்லை" என்கிறார் அண்ணன். என் பெயரையோ பிள்ளையின் பெயரையோ சொன்னார் என்றால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும். என்ன செய்வது, இல்லாததை எங்கே போய் வாங்குவது?

அண்ணன் சத்தியக் கடதாசி கொடுத்துவிட்டார். சட்டத்தரணி அதைப் பூட்டி வைத்திருக்கிறார். நீ இதை அங்கே யாருக்காவது சொன்னாயா? இல்லை என்று ஒரு வரி எழுது, எனக்கு நித்திரை வரும்.

அக்கா

சென்னை
19.05.2024

அன்பின் அக்கா, சுகமே இருக்கிறேன். வேலை கழுத்துவரை. இங்கேயும் வெயில் அப்படித்தான். தண்ணீர் லாரி வராவிட்டால் குளிப்பில்லை. ஜெனிஸ்ராவுக்கு ஒரு பை வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்து விடுகிறேன். பங்குச்சாமியாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

றொசாந்தன்

மன்னார்
14.07.2024

தம்பி, நீ சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ வெயிலுக்கும் தண்ணீர் லாரிக்கும் பதில் எழுதியிருக்கிறாய். எனக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலில் நின்று எதற்கு வந்தேன் என்று யோசிக்கிறேன்.

வழக்கு தை மாதத்துக்குத் தவணை போட்டிருக்கிறது. அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நீயும்தான்.

அக்கா

மன்னார்
22.09.2024

றொசாந்தனுக்கு,

உன்னுடைய தொடரைப் பார்த்தேன்.

ஜெனிஸ்ராதான் போனில் போட்டுக் காட்டினாள். "மாமான்ர பெயர் வருது, ஓடி வாங்கோம்மா" என்று கூப்பிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். உன் பெயரைக் கண்டு இரண்டு பேரும் கை தட்டினோம். மூன்றாம் பாகம் வரைதான் அந்தச் சந்தோஷம்.

உன் கடத்தல்காரன் வேறு பெயரில் வருகிற அறக்குளாதான்; அவனாக நடிப்பவனுக்குக் கறுப்புக் கண்ணாடியும் அகன்ற நெஞ்சும் கொடுத்திருக்கிறாய். உண்மையான அறக்குளாவுக்கு முன்பல் இரண்டு இல்லை. வயிற்றுப் புண்ணுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு திரிகிறான். இப்போது நம் ஊர்ப் பொடியன்கள் அவனைப் போலத் தலைமயிர் வெட்டுகிறார்கள். பொறுப்பதிகாரிக்கோ, கெட்டதைச் செய்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று வருந்த ஒரு காட்சி. அத்தானுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அதுவும் சாவதற்கு.

பெயர்களை மாற்றினாயாம். கோபுரத்தில் நிற்பவனைப் பெயின்ற் அடிக்கிற இளம் பொடியன் ஆக்கினாயாம். எடே, அந்தத் திருவிழாவுக்குக் கோபுரத்துக்கு யாரும் பெயின்ற் அடிக்கவில்லை. அன்றைக்கு மேலே நின்றது யார் என்று இங்கே முதல்நன்மை எடுக்காத சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோபுரத்தில் பல்ப் கட்ட இந்த ஊரில் ஏறுகிறவர் ஒரே ஆள். இந்தத் தெருக்களில் நீ நடந்திருந்தால் இது உனக்குத் தெரிந்திருக்கும். மண்டபம் முகாமில் வளர்ந்துவிட்டு எங்கள் ஊரை என் கடிதத்தில் இருந்து எழுதினால் இப்படித்தான் முடியும்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கடையில், மீன் வாடியில், பூசை முடிந்து படியில், எல்லா இடத்திலும் அதே கதை. ஊர் பேசுவது பொறுப்பதிகாரிக்குக் கேட்காமலா இருக்கும்?

ஒரு மனுசனின் உயிரை உன்னிடம் நம்பித் தந்தேன். நீ அதை விற்றுப் பெயர் வாங்கினாய்.

மாக்கிறட்

சென்னை
13.10.2024

அக்கா,

உங்கள் சுகத்தைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

முதல் கூட்டத்தில் வெறும் கடத்தல் கதைதான் இருந்தது. எல்லாரும் அதை எப்படிப் பிரமாண்டமாக எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். செத்தவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து அத்தானின் கதையைச் சொல்லிவிட்டேன். எல்லாரும் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். உலகமே பார்த்தால் நீதிமன்றமும் பார்க்கும் என்று நம்பினேன். என் பெயர் மேலே வரும் என்றும் நம்பினேன். இரண்டும் உண்மை.

சாகும்போது அத்தான் "பிள்ளையைப் பாரடி!" என்று கத்துவது நான் எழுதியது. அவரை ஒரு சொல்லும் இல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கேட்ட ஆறுதலை வேறு எப்படித் தருவது என்று தெரியவில்லை.

அமிர்தநாயகம் அண்ணன் எப்படி இருக்கிறார்?

றொசாந்தன்

மன்னார்
17.11.2024

தம்பிக்கு, நாங்கள் இருக்கிறோம். உன் கடிதம் வந்து இரண்டு கிழமை. பதில் எழுத எனக்குக் கோபம் தணிய வேண்டியிருந்தது. இன்னும் முழுக்கத் தணியவில்லை.

அண்ணன் உயிரோடு இருக்கிறார். அவருடைய ஜெனரேட்டர் கொட்டிலை யாரோ எரித்துவிட்டார்கள். வீட்டைச் சுற்றி மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. பங்குச்சாமியார் அவரைத் தன் அறைவீட்டில் வைத்திருக்கிறார். "இனி ஒளிச்சு என்ன, எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுதே. நான் வந்து சொல்லுவன்" என்கிறார். பகல் முழுக்க அங்கே கதிரையில் இருந்து உன்னுடைய தொடரைத்தான் பார்க்கிறாராம். அந்த மூன்றாம் பாகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாராம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பார்க்கிறேன். நடிப்பவன் அவரைப் போலவே இல்லை. என்றாலும் அந்தக் கத்தல் வரும்போது என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.

ஜெனிஸ்ரா அந்த இடத்தை மட்டும் வெட்டித் தன் போனில் வைத்திருக்கிறாள். அப்பா கடைசியாகத் தன்னைத்தான் நினைத்தார் என்று சிநேகிதிகளிடம் சொல்கிறாள். இரண்டு வருடமாகக் கல்லாக இருந்த பிள்ளை இப்போது சாப்பிடுகிறாள், படிக்கிறாள், பாட்டுக்கூடப் பாடுகிறாள். அது உன் மாமன் எழுதின வசனம் பிள்ளை என்று நான் எப்படிச் சொல்ல? சொல்லவில்லை. நீயும் அவளுக்கு எழுதிவிடாதே.

அக்கா

மன்னார்
26.01.2025

அன்புத் தம்பி, சுகமாக இரு. வழக்கு கவிழ்ந்துகொண்டிருக்கிறது.

அமிர்தநாயகம் அண்ணன் கூண்டில் ஏறினார். ஜீப், துடுப்பு, அடி எல்லாம் பிசகாமல் சொன்னார். பொறுப்பதிகாரியின் முகம் வெளிறியதை நான் கண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "விழேக்கை பிள்ளையைப் பாரடி எண்டு கத்தினவர் ஐயா" என்றார்.

அது நீ எழுதின வசனம்.

எதிரித் தரப்புச் சட்டத்தரணி சிரித்துக்கொண்டு எழும்பினார். சத்தியக் கடதாசியை எடுத்தார். அதில் ஒரு சத்தமும் வரவில்லை என்று இருக்கிறது. பிறகு போனில் உன்னுடைய காட்சியைப் போட்டு நீதவானுக்குக் காட்டினார். கோபுரம், ஜீப், துடுப்பு, அந்தக் கத்தல்.

"இதெல்லாம் நீர் கரையிலை கண்டதோ, தொடரிலை கண்டதோ?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவம், அவருக்கே தெரியவில்லை. அத்தனை தடவை பார்த்ததில் நீ எழுதினது அவர் கண்டதோடு கலந்துவிட்டது. ஒரு பொய் சேர்ந்ததும் முழு உண்மையும் நாடகமாகப் போய்விட்டது.

அடுத்த தவணை பங்குனியில். அந்தக் கத்தல் மட்டும்தான் கற்பனை, மற்றது சாட்சியிடம் இருந்து உன்னிடம் வந்தது என்று எழுதினவனே வந்து சத்தியம் செய்தால் வழக்கு பிழைக்கும் என்கிறார் எங்கள் சட்டத்தரணி. கடிதம் எடுபடாதாம், ஆள் வேண்டுமாம். அகதிப் பதிவில் இருக்கிறவன் ஒருமுறை வெளியேறினால் இந்தியா திரும்ப விடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

அக்கா

சென்னை
23.02.2025

அன்பின் அக்கா, ஜெனிஸ்ராவுக்கும் உங்களுக்கும் என் அன்பு.

நிறுவனத்தில் பேசினேன். எல்லாம் கற்பனை என்று முதலிலேயே எழுத்துப் போட்டிருக்கிறோம், அதற்கு மாறாக நீ போய்ச் சொன்னால் உனக்கு இங்கே வேலை இல்லை என்கிறார்கள். இரண்டாம் தொடருக்கு என்னைத்தான் முதன்மை எழுத்தாளனாகப் போட இருக்கிறார்கள். அறக்குளாவாக வருகிறவனின் வாலிப காலம்.

யோசிக்கிறேன், அக்கா. இருபது வருடத்தை ஒரு நாளில் விட்டுவிட்டு வருவது சின்ன விஷயம் இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

றொசாந்தன்

மன்னார்
30.03.2025

தம்பி றொசாந்தனுக்கு, இந்தக் கடிதத்தை அவதிப்படாமல் ஆற அமர இருந்து வாசி.

தவணைக்கு நீ வரவில்லை. வேறு வழி இல்லாமல் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். பின்வரிசை வாங்கில் ஜெனிஸ்ரா இருந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பாதி ஊர். அந்தக் காட்சிக்கு என்னோடு சேர்ந்து அழுத சனம்.

"உங்கட கணவர் சாகேக்கை அப்பிடிக் கத்தினவரோ?" என்று எங்கள் சட்டத்தரணி கேட்டார்.

நான் பிள்ளையைப் பார்க்காமல் நீதவானைப் பார்த்தேன். "இல்லை ஐயா. அவர் கத்தேல்லை. அண்ணன் எனக்கு முதல் சொல்லேக்கை ஒரு சத்தமும் இல்லை எண்டுதான் சொன்னவர். கத்தினது என்ர தம்பி எழுதினது" என்றேன். பின்னால் வாங்கு கிரீச்சிட்டது. ஜெனிஸ்ரா எழும்பி வெளியே போவது தெரிந்தது. என் பிள்ளையிடமிருந்து அவள் தகப்பனை இரண்டாம் முறை பறித்தவள் நான்தான் என்று அந்த நேரம் நினைத்தேன்.

பிறகு அமிர்தநாயகம் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். முதலில் சத்தமில்லை என்றும் பிறகு கத்தினார் என்றும் ஏன் சொன்னீர் என்று நீதவானே கேட்டார். அண்ணன் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கத்தினவர் எண்டால் எனக்கும் ஆறுதல் ஐயா. அதுதான் அந்தப் படத்தை நம்பினனான். உண்மை என்னெண்டால், ஜீப்பால இறங்கேக்கை பத்திநாதன் அண்ணாந்து பார்த்தவன். என்னைக் கண்டவன். நேருக்கு நேர் கண்டவன். ஒரு குரல் வைச்சிருந்தால் அவங்களும் மேல பார்த்திருப்பாங்கள். அவன் தலையைக் குனிஞ்சு மண்ணைப் பார்த்தவன். பிறகு வாய் திறக்கேல்லை. அடி விழேக்கையும் திறக்கேல்லை. நான் உயிரோட நிக்கிறது அவன் கத்தாததாலதான்."

தம்பி, சிரித்துக்கொண்டிருந்த சட்டத்தரணி காகிதத்தைப் புரட்டினார். ஜெனிஸ்ரா கதவுப் பக்கம் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். கடற்பாலம் ஏறும்போது கேட்டாள்: "அப்பா என்னைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை, என்னம்மா?"

"ஓம் பிள்ளை. ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லியிருந்தால் அமிர்தநாயகம் மாமா செத்திருப்பார்."

"ஓம்."

என் தோளில் சாய்ந்து அழுதாள். உன் தொடருக்கு அழுத அழுகை இல்லை இது.

ஆனாலும் வழக்கு இன்னும் வெல்லவில்லை. சாட்சி இரண்டு விதமாகச் சொன்னது பதிவில் இருக்கிறது. "அந்த வசனத்தை எழுதினவர் எங்கே?" என்று நீதவான் கேட்டார். இந்தியாவில் என்று சொன்னேன். ஆறு கிழமை தந்திருக்கிறார். நான் இனி வா என்று எழுத மாட்டேன்.

உன் அக்கா
மாக்கிறட்

சென்னை
16.04.2025

அன்பான அக்காவுக்கும் மருமகள் ஜெனிஸ்ராவுக்கும்,

கடிதத்தை இருந்துதான் வாசித்தேன். வாசித்து முடித்து எழும்பி, வெளியேறும் அனுமதிக்கு எழுதிக் கொடுக்கப் போனேன். கந்தோரில் இருந்தவர் நல்ல மனுசன். "யோசிச்சியாப்பா? அப்புறம் திரும்ப முடியாது" என்று கேட்டார். யோசித்ததுதான் பிழை என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? இரண்டாம் தொடரில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். முதல் தொடரிலும் என் பெயரை அழிக்கப் போகிறார்களாம். அழிக்கட்டும்.

அமிர்தநாயகம் அண்ணனின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை. அவரைக் காப்பாற்ற அத்தான் சாகும்போதும் வாய் திறக்கவில்லை. நான் நல்ல சுகமாக ஒரு குளிர் அறைக்குள் இருந்துகொண்டு வாய் திறந்து அவரைக் காட்டிக் கொடுத்தேன். இதை நீதவானுக்குச் சொல்ல வேண்டும், அவர் கேட்காவிட்டாலும்.

வாறன், அக்கா.

றொசாந்தன்